விமானத்தின் வாலில் எழுதிய எண்: ஸ்பாட்டர்களைக் காவல் துறை ஏன் சந்தேகிக்கிறது?

2001 நவம்பர் 8. கிரேக்க நாட்டின் தென்கோடியில் உள்ள கலமாட்டா நகரத்து விமானப்படைத் தளத்தில் அன்று விழா. கிரேக்க விமானப்படை தன் காவலர்களாக வணங்கும் அதிதூதர்களின் திருநாள் அது. அதையொட்டித் தளத்தின் கதவுகள் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டிருந்தன. குழந்தைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு வந்த உள்ளூர்க்காரர்களுக்கு நடுவே 12 பிரிட்டிஷ்காரர்களும் 2 டச்சுக்காரர்களும் இருந்தார்கள். விமானங்களைப் பார்ப்பதற்காகவே காசு சேர்த்துச் சுற்றுலா வந்தவர்கள் அவர்கள். நின்றிருந்த விமானங்களைப் பார்த்தார்கள். அவற்றின் மேல் எழுதியிருந்த எண்களைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள். அன்றே 14 பேரும் கைது செய்யப்பட்டார்கள். குற்றச்சாட்டு: உளவு.

நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் விழுந்து இரண்டு மாதங்கள்கூட ஆகவில்லை. அந்த நாட்களில் விமானம் என்ற சொல்லே உலகெங்கும் காவலர்களின் நெஞ்சைப் படபடக்க வைத்தது. கைதானவர்கள் ஐந்து வாரங்களுக்கும் மேலாகச் சிறையில் இருந்தார்கள். பிறகு குற்றச்சாட்டின் கடுமை குறைக்கப்பட்டு, ஆளுக்குச் சுமார் 9,000 பவுண்டு பிணைத் தொகையில் டிசம்பரில் வீடு திரும்பினார்கள். 2002 ஏப்ரலில் அதே கலமாட்டாவில் விசாரணை நடந்தது. எட்டு பேருக்கு மூன்றாண்டுச் சிறை. அவர்களுக்கு உடந்தையாக இருந்ததாக மற்ற ஆறு பேருக்கு ஓராண்டு நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை. மேல்முறையீட்டுக்காக மீண்டும் கிரேக்கத்துக்குச் சென்றார்கள். 2002 நவம்பரில், கைதாகி ஏறக்குறைய ஓராண்டு கழித்து, எல்லோரும் விடுதலை செய்யப்பட்டார்கள்.

பிளேன் ஸ்பாட்டர் என்று உலகம் அழைக்கும் விமான நோக்கர்களுக்கும் காவல் துறைக்கும் இடையே அடிக்கடி நடக்கும் மோதலின் மிகப் பெரிய வடிவம் இந்த வழக்கு. வேலியோரம் பத்து நிமிட விசாரணையோடு முடிந்துபோகும் ஆயிரம் சந்திப்புகளில் என்ன நடக்கிறதோ, அதுவே கலமாட்டாவில் ஓராண்டுக்கு நீண்டது. ஆகவே இந்த வழக்கிலிருந்தே தொடங்குவது நல்லது.

முதலில், இவர்கள் என்னதான் செய்கிறார்கள்? காருக்கு இருப்பதைப் போல ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு பதிவெண் உண்டு. இந்திய விமானங்களின் எண் 'விடி' என்ற எழுத்துகளில் தொடங்கும், பிரிட்டனுடையது 'ஜி', அமெரிக்காவுடையது 'என்', இலங்கையுடையது '4ஆர்'. உடலின் பின்பகுதியில், வாலுக்கு அருகே அது எழுதப்பட்டிருக்கும். ஒரு விமானம் ஒரு நிறுவனத்திடமிருந்து இன்னொன்றுக்கு விற்கப்படும்போது பதிவெண் மாறலாம், வண்ணம் மாறலாம். ஆனால் தொழிற்சாலையில் பெற்ற தயாரிப்பு எண் மட்டும் கடைசிவரை மாறாது. நோக்கர்கள் இந்த எண்களைத் தொடர்ந்துகொண்டே இருக்கிறார்கள். முப்பது ஆண்டுகளுக்கு முன் ஃபிராங்ஃபர்ட்டில் புத்தம் புதிதாகப் பார்த்த விமானத்தை, இன்று வேறொரு கண்டத்தில் சரக்கு விமானமாகக் கண்டுபிடிப்பதில் ஒருவருக்கு எத்தனை மகிழ்ச்சி இருக்கும் என்பதை, தபால்தலை சேர்த்தவர்களும் பறவை நோக்கர்களும் உடனே புரிந்துகொள்வார்கள். மற்றவர்களுக்கு விளக்குவது கடினம். கிரேக்க நீதிமன்றத்திலும் அந்த விளக்கமே பெரும்பாடாக இருந்தது. இப்படியொரு பொழுதுபோக்கு உலகில் இருக்கிறது என்பதையே முதலில் நம்பவைக்க வேண்டியிருந்தது.

இந்தப் பொழுதுபோக்கு வளர்ந்த கதையை அறிந்தவர்களுக்கு அந்த வழக்கு இன்னும் அதிகமாக வலிக்கும். பிரிட்டனில் இதை வளர்த்தது அரசாங்கமே. 1940இல் ஜெர்மானிய விமானங்கள் குண்டு வீசத் தொடங்கியபோது, சங்கு ஊதும் ஒவ்வொரு முறையும் தொழிலாளர்கள் பதுங்குகுழிக்கு ஓடினால் உற்பத்தி நின்றுபோகும். அதனால் தொழிற்சாலைக் கூரைகளில் ஆட்களை நிறுத்தி, வருவது எதிரி விமானமா, நம்முடையதா, நேராக இங்கேதான் வருகிறதா என்று பார்த்துச் சொல்ல வைத்தார்கள். அந்தக் கூரைக் காவலர்களையே ஸ்பாட்டர் என்று அழைத்தார்கள். நிழலுருவத்தை வைத்து விமானத்தை அடையாளம் காணப் பழக்கும் வார இதழ் ஒன்று 1941 ஜனவரியில் வரத் தொடங்கியது. பள்ளிச் சிறுவர்கள் அதை விழுந்து விழுந்து படித்தார்கள். 1925இலேயே உருவான பார்வையாளர் படைக்கு, வானத்தைக் கண்காணித்த சேவைக்காக 1941இல் 'ராயல்' பட்டம் கிடைத்தது. வானத்தை அண்ணாந்து பார்த்து, கண்டதைக் குறித்துவைப்பது அன்று குடிமகனின் கடமை. போர் முடிந்தது, பழக்கம் நின்றுவிடவில்லை.

ஆனால் கிரேக்கத்துக்கு அந்த வரலாறு கிடையாது. வேறொரு வரலாறு இருந்தது. ஏஜியன் கடலில் துருக்கியோடு தீராத பகை. 1996 ஜனவரியில் மனிதர் வசிக்காத இமியா பாறைத் தீவுகளுக்காக இரு நாடுகளும் போரின் விளிம்புவரை போயின. அந்த நெருக்கடியில் ஹெலிகாப்டர் விழுந்து மூன்று கிரேக்கக் கடற்படை அதிகாரிகள் இறந்தார்கள். 2000 ஜூனில் ஏதென்ஸ் சாலையில் பிரிட்டிஷ் தூதரகத்தின் இராணுவ அதிகாரியை 'நவம்பர் 17' என்ற ஆயுதக் குழு சுட்டுக்கொன்றது. எந்தத் தளத்தில் எந்த விமானம் எத்தனை நிற்கிறது என்பது அந்த நாட்டில் பொழுதுபோக்குக்கான செய்தி அல்ல. ஆகவே கலமாட்டா அதிகாரிகளை மூடர்கள் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. அன்று பிரிட்டிஷ் நாளிதழ்கள் அவர்களை அப்படித்தான் எழுதின. அது நியாயமான எழுத்து என்று சொல்ல முடியாது.

வழக்கின் சாரமான கேள்வி இது. நோக்கர்கள் தரப்பு வழக்கறிஞர்கள் சொன்னார்கள்: குறிப்பேடுகளில் இருக்கும் செய்தி எல்லாம் ஏற்கெனவே இதழ்களிலும் இணையத்திலும் அச்சானவை, இதில் இரகசியம் எங்கே? உளவுத்துறையினர் உலகெங்கும் சொல்லும் பதில் வேறு: தனித்தனியாக ஒவ்வொன்றும் சாதாரணம், பல தளங்களில் பல நாட்கள் திரட்டி ஒன்றாக வைத்தால் அதுவே ஒரு படையின் சித்திரம். இரண்டிலும் உண்மை இருக்கிறது. பூக்கள் எல்லோருக்கும் பொதுவானவை. மாலை தொடுத்தவர் யாருக்காகத் தொடுத்தார் என்பதே கேள்வி. அதாவது, செயலை வைத்து முடிவு செய்ய முடியாது, நோக்கத்தை அறிய வேண்டும். வேலியோரம் நிற்கும் காவலருக்குச் செயல் மட்டுமே தெரியும். பைனாகுலர், நீண்ட லென்ஸ், வானொலிக் கருவி, எண்கள் நிறைந்த குறிப்பேடு, அதே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வருவது: நோக்கரின் அடையாளங்களும், வேவு பார்ப்பவனைப் பற்றிக் காவலருக்குச் சொல்லித்தரப்பட்ட அடையாளங்களும் ஒன்றே.

கிரேக்கத்தைக் கண்டித்த பிரிட்டனின் சட்டப் புத்தகத்தில் இருந்ததும் இதே தர்க்கம். 2000ஆம் ஆண்டின் பயங்கரவாதச் சட்டத்தின் 58ஆம் பிரிவு, பயங்கரவாதச் செயலுக்குத் தயாராகும் ஒருவருக்குப் பயன்படக்கூடிய தகவலைத் திரட்டுவதையோ குறித்துவைப்பதையோ குற்றமாக்குகிறது. தக்க காரணம் இருப்பதாகச் சொல்லித் தப்பலாம். ஆனால் அந்தக் காரணத்தை முன்வைக்க வேண்டியவர் குற்றம் சாட்டப்பட்டவர். விமானங்களின் வருகைப் பட்டியல் அதில் அடங்காது என்று சட்டத்தின் வாசகத்தில் எங்கும் இல்லை.

அதே பிரிட்டனில் அச்சத்துக்குக் காரணமும் இருந்தது. 2002 நவம்பர் 28 அன்று, கென்யாவின் மொம்பாசாவில் புறப்பட்ட இஸ்ரேலியப் பயணிகள் விமானத்தை நோக்கித் தோளில் வைத்து ஏவும் இரண்டு ஏவுகணைகள் பாய்ந்தன. இரண்டும் குறி தவறின. அடுத்த பிப்ரவரியில் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தைச் சுற்றி இராணுவ வண்டிகள் நிறுத்தப்பட்டன. அத்தகைய ஏவுகணையைச் சுடுபவன் எங்கே நிற்பான்? விமானம் தாழ்ந்து வரும் பாதைக்கு அடியில், மறைப்பில்லாத திடலில், ஓடுபாதையின் நீட்சிக் கோட்டுக்கு அருகில். நல்ல புகைப்படம் வேண்டுபவர் நிற்பதும் அங்கேதான். ஹீத்ரோவின் தெற்கு ஓடுபாதையின் கிழக்கு முனையில், ஹாட்டன் கிராஸ் அருகே, மிர்ட்டில் அவென்யூ என்ற சின்னத் தெருவின் கோடியில் ஒரு புல்வெளி இருக்கிறது. உலக நோக்கர்களுக்கு அது ஒரு யாத்திரைத் தலம். பாதுகாப்பு அதிகாரியின் வரைபடத்தில் அந்தப் புல்வெளி என்ன நிறத்தில் குறிக்கப்பட்டிருக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை. நோக்கர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். விசாரிக்க வரும் காவலர் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தோடு வருவதில்லை. அந்த இடமே அவரை வரவழைக்கிறது.

சிக்கல், விசாரணை அதிகாரமாக மாறும்போது தொடங்குகிறது. பிரிட்டனின் அதே சட்டத்தின் 44ஆம் பிரிவு, அறிவிக்கப்பட்ட பகுதிக்குள் எந்தச் சந்தேகமும் இல்லாமலே யாரையும் நிறுத்திச் சோதிக்கக் காவலருக்கு உரிமை கொடுத்தது. லண்டன் மாநகரம் முழுவதும் அப்படி அறிவிக்கப்பட்டு, அறிவிப்பு ஆண்டுக்கணக்கில் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருந்தது. கேமரா வைத்திருந்தவர்கள் அதில் அதிகம் மாட்டினார்கள். தேவாலயத்தைப் படமெடுத்தவர், ரயிலைப் படமெடுத்தவர், விமானத்தைப் படமெடுத்தவர் என்று புகார்கள் குவிந்தன. 2010 ஜனவரி 12 அன்று, ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இந்த அதிகாரம் தனிவாழ்வின் உரிமையை மீறுகிறது என்று தீர்ப்பளித்தது. பதினோரு நாட்களில், 'நான் புகைப்படக்காரன், பயங்கரவாதி அல்ல' என்ற முழக்கத்தோடு டிராஃபால்கர் சதுக்கத்தில் புகைப்படக்காரர்கள் திரண்டார்கள். அந்த ஜூலையில் உள்துறை அமைச்சர் பிரிவின் பயன்பாட்டை நிறுத்தினார். 2009–10 நிதியாண்டில் மட்டும் அந்தப் பிரிவின் கீழ் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சோதனைகள் நடந்திருந்தன. அவற்றில் ஒன்றிலிருந்துகூட ஒருவரும் பயங்கரவாதக் குற்றத்துக்காகக் கைதாகவில்லை. மீனே இல்லாத குளத்தில் ஒரு லட்சம் முறை வலை வீசியிருக்கிறார்கள். இதற்காகச் செலவான காவலர்களின் நேரத்தை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

இன்று லண்டன் மாநகரக் காவல் துறையின் சொந்த வழிகாட்டுதலே, பொது இடத்தில் படமெடுக்க அனுமதி தேவையில்லை, காவலர்களுக்கு அதைத் தடுக்கும் அதிகாரம் இல்லை என்கிறது. எடுத்த படத்தை அழிக்கச் சொல்லும் அதிகாரமும் இல்லை. நியாயமான சந்தேகம் இருந்தால் கேமராவைப் பார்க்கலாம், சான்று என்று கருதினால் கைப்பற்றலாம், அழிக்கக் கூடாது. யோசித்துப் பார்த்தால் இது காவல் துறையின் நன்மைக்கான விதியும்கூட. படம் குற்றத்தின் சான்று என்றால் அதை அழிப்பவர் சான்றை அழிக்கிறார். சான்று இல்லை என்றால் அழிக்கக் காரணமே இல்லை. நம் ஊர்களில் கேமராவோடு நிற்பவரை அணுகும் காவலர்கள் பலர் முதலில் சொல்லும் சொல் 'டெலிட் பண்ணு' என்பதாகவே இருக்கிறது. அந்த ஒரு சொல்லை விட்டாலே பாதித் தகராறு குறையும்.

இந்தியாவில் நடந்த நிகழ்ச்சி ஒன்றும் உலகச் செய்தியானது. 2010 பிப்ரவரியில் இரண்டு பிரிட்டிஷ் நோக்கர்கள் டெல்லி விமான நிலையத்துக்கு அருகே ஒரு ஓட்டலில் தங்கினார்கள். ஓடுபாதை தெரியும் அறை வேண்டும் என்று கேட்டு வாங்கியதால் ஊழியர்களுக்குச் சந்தேகம் எழுந்தது. அறையில் கேமரா, பைனாகுலர், விமானிகளின் உரையாடலைக் கேட்கும் வானொலிக் கருவி. கைது நடந்த காலத்தைப் பார்க்க வேண்டும். மும்பைத் தாக்குதல் முடிந்து ஓராண்டு சற்றே கடந்திருந்தது. அந்தத் தாக்குதலுக்காக ஓட்டல்களில் தங்கி, சுற்றுலாப் பயணிபோலக் கேமராவோடு திரிந்து இடங்களை வேவு பார்த்த டேவிட் ஹெட்லி, 2009 அக்டோபரில்தான் சிகாகோவில் பிடிபட்டிருந்தார். 2010 பிப்ரவரி 13 அன்று புணே ஜெர்மன் பேக்கரியில் குண்டு வெடித்து 17 பேர் இறந்தார்கள். அதே வாரத்தில் விமான நிலையத்தைப் பார்த்த அறை கேட்டு இரண்டு வெளிநாட்டவர்! ஓட்டல்காரர் காவல் துறைக்குச் சொன்னதைக் குறை சொல்ல முடியுமா? குறை அதற்குப் பிறகு நடந்ததில் இருக்கிறது. அவர்கள் பயங்கரவாதிகள் அல்லர் என்பது விரைவில் தெளிவான பின்னும், வழக்கு வாரக்கணக்கில் நீண்டது. கடைசியில் அபராதம் கட்டி ஊர் திரும்பினார்கள்.

அங்கே அவர்களைச் சிக்கவைத்தது கேமராவைவிட வானொலிக் கருவியே. வழக்கு 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்தின் கீழ் வந்தது. விமானிகளும் கட்டுப்பாட்டுக் கோபுரமும் பேசிக்கொள்வது 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில். மறைகுறி எதுவும் கிடையாது. சிறு ரேடியோ இருந்தால் யாரும் கேட்கலாம். அமெரிக்காவில் அது சாதாரணம். பிரிட்டனிலோ, பொதுமக்களுக்கென ஒலிபரப்பப்படாததைக் கேட்பது ஏட்டில் இன்றும் குற்றமே. ஆனால் விமானக் கண்காட்சிகளில் அந்தக் கருவியை வெளிப்படையாக விற்கிறார்கள். இந்தியாவிலோ உரிமமில்லாமல் வைத்திருப்பதே சிக்கல். ஒரு நாட்டில் கடையில் தொங்கும் பொருள், எல்லை தாண்டினால் குற்றப் பத்திரிகையில் ஏறிவிடுகிறது. பயணம் போகும் நோக்கர் கேமராவுக்கு முன் சட்டத்தைப் பார்க்க வேண்டியது இதனாலேயே.

2015 பிப்ரவரியில் ஐக்கிய அரபு அமீரகத்தின் ஃபுஜைராவில் மூன்று பிரிட்டிஷ்காரர்கள் பிடிபட்டது இன்னும் சிறிய காரணத்துக்காக. ஓய்வுபெற்ற அபூர்வ விமானங்கள் வந்து நிற்கும் இடம் என்பதால் அங்குள்ள விமான நிலையத்துக்கு நோக்கர்களிடையே தனி மதிப்பு. அவர்கள் அவற்றைக் குறித்துக்கொண்டிருந்தார்கள். ஏறக்குறைய இரண்டு மாதம் அபுதாபிச் சிறை. பிறகு விடுதலை. பூட்டிய வாசலுக்குள் அவர்கள் நுழையவில்லை, எதையும் திருடவில்லை.

இதற்கெல்லாம் விடை சட்டத்தில் கிடைக்கும் என்று நான் முன்பு நம்பியதுண்டு. இப்போது, வேலை செய்யும் விடை வேறிடத்தில் இருப்பதாகத் தோன்றுகிறது. கனடாவின் ஒட்டாவா விமான நிலையத்தில், 1990களின் இறுதியிலேயே, நோக்கர்களும் காவல் துறையும் சேர்ந்து ஒரு கண்காணிப்புக் குழு தொடங்கினார்கள். நோக்கர்கள் தங்கள் பெயரைப் பதிந்து அடையாள அட்டை பெறுகிறார்கள். வேலியில் ஓட்டை, தனியே கிடக்கும் பை, புதிதாக வந்து தயங்கி நிற்கும் வண்டி என்று எதைக் கண்டாலும் அழைக்க ஒரு தொலைபேசி எண் கொடுக்கப்படுகிறது. ஹீத்ரோ உள்ளிட்ட பிரிட்டிஷ் நிலையங்களிலும், சிகாகோவின் ஓஹேரிலும் இதே முறை வந்தது. இதன் பின்னுள்ள யோசனை மிக எளிமையானது. ஏவுகணைக்காரன் நிற்க விரும்பும் அதே திடலில், தினமும் வந்து நிற்கும் ஐம்பது ஜோடிக் கண்கள் இருந்தால், அவை பாதுகாப்புப் படைக்குச் சம்பளமில்லாமல் கிடைத்த வரம். எந்த விமானம் எத்தனை மணிக்கு வரும், யார் வழக்கமாக வருகிறவர், யார் புதியவர் என்பது அவர்களுக்கு ரோந்துக் காவலரைவிட நன்றாகத் தெரியும். அடிக்கடி பணியிடம் மாறிவரும் காவலருக்கு அந்த அறிவு வாய்க்க வழியே இல்லை. 1940இல் கூரைமேல் நின்றவர்களை அரசு நம்பியதும் இதே காரணத்தால்.

சில விமான நிலையங்கள் ஒரு படி மேலே போய், பார்ப்பதற்கென்றே இடம் கட்டிக் கொடுத்திருக்கின்றன. மான்செஸ்டரில் ஓடுபாதையை ஒட்டிப் பூங்கா ஒன்று. அதில் ஓய்வுபெற்ற கான்கார்டு நிற்கிறது. ஆம்ஸ்டர்டாமின் போல்டர்பான் ஓடுபாதை அருகே காரை நிறுத்திப் பார்க்கத் திடல். ஜப்பானில் பார்வை மாடம் இல்லாத பெரிய நிலையத்தைத் தேட வேண்டும். இடம் கொடுத்தால் வேலியில் ஏணி சாய்க்க வேண்டிய தேவை இல்லை. காவலருக்கும் எங்கே பார்க்க வேண்டும் என்பது தெரியும்.

இந்தியாவுக்கு வருவோம். 1937ஆம் ஆண்டின் விமான விதிகளில் 13ஆம் விதி, அரசு விமான நிலையத்தில் எழுத்து மூலமான அனுமதியின்றிப் படமெடுக்கக் கூடாது என்றது. 'நிலையத்தில்' என்பது வேலியோடு முடிகிறதா? வேலிக்கு வெளியே பொதுச் சாலையில் நின்று, வானில் போகும் விமானத்தைப் படமெடுப்பவர் அதில் அடங்குவாரா? சொல்லின் நேர்ப்பொருளில் அடங்கமாட்டார். ஆனால் சாலையில் நிற்கும் காவலர் அதை அப்படிப் படிப்பதில்லை. அதற்கும் மேலே 1923ஆம் ஆண்டின் அலுவல் இரகசியச் சட்டம் இருக்கிறது. தடைசெய்யப்பட்ட இடத்தின் 'அருகே' நாட்டின் பாதுகாப்புக்குக் கேடான நோக்கத்தோடு இருப்பதே அதில் குற்றம். அந்த நோக்கத்தை நேரடிச் சான்றில்லாமல், நடத்தையிலிருந்தே ஊகிக்கவும் அது இடம் தருகிறது. பிரிட்டனின் 1911ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வந்த வாசகம் அது. ஜெர்மானிய உளவு அச்சத்தில், பிரிட்டிஷ் கீழவையில் ஒரே பிற்பகலில் அவசரமாக நிறைவேறிய சட்டம். பிரிட்டன் 2023இல் அதை நீக்கிப் புதிய சட்டம் எழுதிக்கொண்டது. நம்மிடம் அந்த வாசகம் இன்னும் உயிரோடு இருக்கிறது.

இங்கே இன்னொரு முடிச்சும் உண்டு. புணே, ஸ்ரீநகர், கோவாவின் டாபோலிம் போன்ற நிலையங்கள் படைத் தளத்துக்குள் குடியிருக்கும் பயணிகள் நிலையங்கள்; இலங்கையின் கட்டுநாயக்காவும் விமானப்படைத் தளத்தோடு ஓடுபாதையைப் பகிர்ந்துகொள்கிறது. 2001 ஜூலையில் கட்டுநாயக்கா தாக்கப்பட்டபோது போர் விமானங்களோடு பயணிகள் விமானங்களும் எரிந்தன. 2025 மே மாதம் பாகிஸ்தானோடு மோதல் நடந்த பின், படைத் தளங்களில் இறங்கும், ஏறும் விமானங்களில் 10,000 அடி உயரம் வரை ஜன்னல் திரையை மூடிவைக்க வேண்டும் என்று இந்திய விமானப் போக்குவரத்து இயக்ககம் உத்தரவிட்டது. இத்தகைய இடங்களில் கேமராவை உறையிலேயே வைத்திருப்பதுதான் சரி. அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. சூலூரும் தஞ்சாவூரும் தாம்பரமும் படைத் தளங்கள். அங்கே வேலியோரம் நின்று வாதாடுவது பொருளற்றது.

மீனம்பாக்கம் அப்படியல்ல. ஜிஎஸ்டி சாலை அதன் வாசலை உரசிக்கொண்டு ஓடுகிறது, திரிசூலம் ரயில் நிலையம் எதிரிலேயே, சுற்றிலும் குன்றுகள். மாலை நேரத்தில் தந்தையின் தோளில் அமர்ந்து விமானம் பார்க்கும் குழந்தைகளுக்குக் குறைவில்லை. 1984 ஆகஸ்டில் அங்கே வெடித்த குண்டில் 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள் என்பதை மறந்துவிட்டுப் பேசக் கூடாது. பாதுகாப்பு அங்கே வெறும் சடங்கல்ல. உள்ளே மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை, வெளியே மாநிலக் காவல் துறை என்று பொறுப்பு இரண்டாகப் பிரிந்திருப்பதால், யாரிடம் போய் அனுமதி கேட்பது என்றே சாலையில் நிற்பவருக்குத் தெரிவதில்லை. ஒட்டாவா செய்ததைச் சென்னை செய்ய ஒரு புதிய சட்டமும் தேவையில்லை. ஒரு பதிவேடு, ஓர் அட்டை, ஒரு தொலைபேசி எண், நிற்கலாம் என்று குறிக்கப்பட்ட ஒரு மேடு. அவ்வளவே.

விமானம் எங்கே பறக்கிறது என்பதை இப்போது கைபேசியிலேயே பார்க்கலாமே, பிறகு வேலியோரத்தில் என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. விமானங்கள் தங்கள் இருப்பிடத்தைத் தாமே 1090 மெகாஹெர்ட்ஸில் சொல்லிக்கொண்டு பறக்கின்றன. அதைப் பிடித்து வரைபடத்தில் காட்டும் வலையமைப்பை 2006இல் சுவீடனைச் சேர்ந்த இரண்டு ஆர்வலர்கள் தொடங்கினார்கள். இன்று கோடிக்கணக்கானோர் பார்க்கும் ஃபிளைட்ரேடார்24 அதுவே. தகவல் இப்படி உலகத்துக்கே திறந்துகிடக்கும்போது வேலியோரக் குறிப்பேட்டைப் பறிப்பதில் பொருள் இல்லை என்பதே இதிலிருந்து எனக்குக் கிடைக்கும் முடிவு. ஆனால் கருவியை அணைத்துவிட்டுப் பறக்கும் விமானமும் உண்டு. அது தரையிறங்கும்போது வேலியோரம் ஒரு மனிதக் கண் இருந்தால் மட்டுமே தெரியும்.

அப்படிப்பட்ட கண்கள் என்ன செய்தன என்பதையும் சொல்லியாக வேண்டும். கலமாட்டா கைதுகளுக்கு இரண்டு வாரம் முன்பு, 2001 அக்டோபரில், கராச்சி விமான நிலையத்தில் நள்ளிரவில் யேமன் நாட்டு மாணவர் ஒருவர் கைகால் கட்டப்பட்டு, அமெரிக்கப் பதிவெண் கொண்ட ஒரு சிறு ஜெட் விமானத்தில் ஏற்றப்பட்டார். விமானத்தின் எண்ணோடு அந்தச் செய்தி சில நாட்களில் பாகிஸ்தான் நாளிதழில் வந்தது. எண்: என்379பி. அதே ஆண்டு டிசம்பர் 18 அன்று அதே விமானம் ஸ்டாக்ஹோமின் புரோம்மா நிலையத்தில் இறங்கி, இரண்டு எகிப்தியர்களை கெய்ரோவுக்குக் கொண்டுபோனது. கலமாட்டாவில் பிடிபட்டவர்கள் பிணையில் வந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. சிஐஏ ஆட்களைக் கடத்தி, சித்திரவதை நடக்கும் நாடுகளுக்கு இரகசியமாகக் கொண்டுபோகிறது என்ற குற்றச்சாட்டைச் செய்தியாளர்கள் துருவத் தொடங்கியபோது, அவர்கள் கையில் இருந்த முதல் நூல் இந்தப் பதிவெண். அந்த எண் எந்த நாளில் எந்த நிலையத்தில் தென்பட்டது என்பதை உலகெங்கும் உள்ள நோக்கர்கள், காரணம் ஏதும் தெரியாமலே, தங்கள் வழக்கப்படி எழுதியும் படமெடுத்தும் வைத்திருந்தார்கள்.

2004 ஜனவரியில் ஸ்பெயின் நாட்டு மயோர்க்கா தீவின் பால்மா நிலையத்தில், உள்ளூர் நோக்கர் ஒருவர் வெள்ளை நிறப் போயிங் 737 ஒன்றைப் படமெடுத்தார். நிறுவனத்தின் பெயர் எதுவும் அதில் இல்லை. எண் மட்டும் இருந்தது: என்313பி. எத்தனையோ படங்களில் ஒன்றாக அது இணையத்தில் ஏறியது. அந்த விமானம் பால்மாவிலிருந்து மாசிடோனியாவின் ஸ்கோப்யேவுக்குப் போய், ஜனவரி 23 அன்று காலித் எல்-மஸ்ரி என்ற ஜெர்மன் குடிமகனை ஏற்றிக்கொண்டு ஆப்கானிஸ்தானுக்குப் பறந்தது. ஏறக்குறைய அதே பெயர் கொண்ட வேறொருவர் என்று எண்ணி அவரைப் பிடித்துவைத்திருந்தார்கள். தவறு என்று தெரிந்தபின், மே மாத இறுதியில் அல்பேனியாவில் ஒரு மலைப்பாதையில் இறக்கிவிட்டார்கள். அவர் சொன்ன கதையை முதலில் நம்பியவர்கள் சிலரே. விமானப் பதிவுகள் ஒவ்வொன்றாகச் சேரச் சேர, நாளும் இடமும் அவர் சொன்னதோடு பொருந்தின. 2007 ஜனவரியில் மூனிக் அரசு வழக்கறிஞர்கள் கேட்டபடி, கடத்தலில் தொடர்புள்ளவர்கள் என்று 13 பேர்மீது பிடியாணை பிறப்பிக்கப்பட்டது. 2012 டிசம்பர் 13 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், எல்-மஸ்ரிக்கு நடந்த கொடுமைக்கு மாசிடோனியா பொறுப்பு என்று தீர்ப்பளித்து, 60,000 யூரோ இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அவரை ஏற்றிச் சென்ற விமானத்தின் பதிவெண் அந்தத் தீர்ப்பில் எழுத்து மாறாமல் இருக்கிறது.